பிளானில் ஏழு கோடு

காலை ஒன்பதேகாலுக்கு அது ஆரம்பிக்கிறது. மேல் வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். முதலில் ஒரு சீறல், பிறகு கல்லில் பல்லை வைத்துக் கடிக்கிற மாதிரி நீளமான அலறல், பிறகு பட்டென்று அடங்கி ஒரு துண்டு தரையில் விழுகிற சத்தம். அந்த வீட்டுக்காரர் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடு போடும் கை ஒன்றைப் போட்டு, வீட்டைப் புதுப்பிக்கிறோம், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். நான் காட்டவில்லை. ஜன்னலை அறைந்து சாத்திவிட்டு, சிட்லபாக்கத்தின் இந்த இரண்டாவது மாடியில், காதுக்குள் மாவு மாதிரி தூசி இறங்குவதாக நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களே, நாற்பதை எட்டிவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேடுகிறவர்களே, உங்களுக்கும் இந்தச் சத்தம் தெரியும். நாம் எட்டாவது, ஒன்பதாவது படித்த அந்த வருடங்களில் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஒரு தெரு பாக்கியில்லாமல் யாரோ எதையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தரை போய் மொசைக் வந்தது. மொசைக் போய் முகம் தெரிகிற டைல்ஸ் வந்தது. வீடு பழசாக இருப்பது உடம்பில் படை வந்த மாதிரி ஒரு வெட்கமாக ஆகிப்போன காலம் அது. சிலருக்கு அந்த வருடங்களை நினைத்தால் இனிக்கிறது. இருக்கட்டும். எனக்குப் பல் கூசுகிறது.

எங்கள் வீடு பச்சைமலையின் மேற்குச் சரிவில் இருந்தது. பெரிய மலை என்று நினைக்க வேண்டாம், பாறையும் முள்ளுமாக ஒரு குட்டி மலை. கீழே ஜி.எஸ்.டி. ரோடு, அதைத் தாண்டி தண்டவாளம், சானடோரியம் ஸ்டேஷன். தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு ஒரு படிகூடக் கிடையாது. வாசலிலிருந்து கடைசியில் இருக்கும் அடுப்படி வரை ஒரே நீள ஹால், ஹால் முழுக்க ஏற்றம். நாலடி உயரத்தை நாற்பதடி நீளத்தில் மெதுவாகக் கரைத்து வைத்த ஏற்றம். சிவப்பு சிமென்ட் தரை. ஈரமாக இருக்கும்போதே கயிற்றை வைத்து அமுக்கி, கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே குறுக்கே கோடு போட்டிருந்தது. வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலை அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தடவிவிடும். இன்றைக்கும் வழுவழு தரையில் நிற்கும்போது என் கால் எதையோ தேடுகிறது.

ஆறு மணிக்கு கீழே இரண்டு தடவை ஹாரன் கேட்கும். நான் ஓடிப்போய் இரட்டைக் கதவையும் விரியத் திறப்பேன். பின்னால் இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் அத்தை நேராக ஹாலுக்குள் ஏறி வருவாள். ஜன்னலோரம் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கைப்பையைத் தோளில் மாட்டி, சுவரைப் பிடித்து இறங்குவாள். எங்கள் ஹாலில் சாம்பிராணி வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாகக் குடியிருந்தன.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. இடது கையால் இடது தொடையை அமுக்கிக்கொண்டு, வலது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, ஏற்றமோ இறக்கமோ அவள் யார் துணையும் இல்லாமல் நடந்துவிடுவாள். படி மட்டும் ஆகாது. நகராட்சி ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் தானே போவாள், மாலையில் தானே வருவாள். "ஏர்போர்ட்லகூட வாசலோட எறக்கி விட்டுடுவான். எனக்குப் பாரு, வீட்டுக்குள்ளயே பார்க்கிங்" என்பாள்.

அந்தத் தரையில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. கோலிக்குண்டு, பேனா மூடி, வெங்காயம் எல்லாம் அடுப்படியில் புறப்பட்டு வாசலில் போய் நிற்கும். அத்தை ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே சத்தம் கொடுப்பாள். "ஏம்மா, உன் எலுமிச்சம்பழம் ஸ்டேஷனுக்குப் போவுது. டிக்கெட் எடுத்துக் குடுத்தியா?"

அம்மா சிரிப்பாள். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தச் சரிவு அம்மாவுக்குப் பகை. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு பதினைந்து வருடம் அந்த ஏற்றத்தில் ஏறியவள். "எண்ணெய்ச் சட்டி நேரா நிக்கற மாதிரி ஒரு மேடை கேக்கறேன், வேற என்ன கேட்டேன்?" என்று அவள் அப்பாவிடம் கேட்டபோது அதில் ஒரு தப்பும் இல்லை.

அப்பாவின் கதை வேறு. அவருக்கு அந்த வருடம் மேனேஜர் பதவி வந்தது. ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜையின் இரண்டு கால்களுக்கு அடியில் செங்கல் இருக்கும், அப்படியும் சாம்பார் தட்டின் ஒரு ஓரத்தில் போய்த் தேங்கும். வந்த ஒரு குழந்தை அடுப்படி வாசலில் பந்தை வைத்து, அது தானாக உருண்டு தெருவுக்குப் போவதைப் பார்த்துக் கை தட்டியது. "அங்கிள், உங்க வீடு கீழ விழுது!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வாயால் மட்டும் சிரித்தார். அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு நாள் குறிக்கப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

வாஸ்து பார்க்கிறவர் வந்தார். திசைகாட்டியை ஹால் நடுவில் வைத்தார், அது அவர் கையை விட்டு நழுவி வாசல் பக்கம் போனது. "சார், வீடு குப்புறப் படுத்திருக்கு" என்றார். "கிழக்குல மலை, மேற்குல பள்ளம். இருக்க வேண்டியதுக்கு நேர் எதிர். மலைய நம்மால எறக்க முடியாது. தரைய ஏத்தலாம். மேற்குல மண்ணக் கொட்டி உசத்துங்க, தென்மேற்கு ரூம்ல நீங்க படுங்க, வாசப்படி ஒத்தப்படையில வரட்டும்." தென்மேற்கு அறை அத்தையுடையது. வாசலை ஒட்டி இருந்ததால் ஸ்கூட்டரிலிருந்து நாலு எட்டு. அவர் வந்தது ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. இன்ஜினியர் வந்ததும் ஒரு வேலை நாள். பரீட்சை லீவில் நான் வீட்டில் இருந்ததால் பார்த்தேன். எல்லாமே அத்தை ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்து நடந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இன்ஜினியர் இளைஞர், தலையில் ஜெல், சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. பிளானை மேஜையில் விரித்து என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இதான் உன் ரூம். அட்டாச்டு பாத்ரூம். ஜன்னல்ல நின்னா ட்ரெயின் பாக்கலாம்."

அதுவரை நான் அத்தையின் அறையில் தரையில் பாய் போட்டுப் படுத்தவள். எனக்கென்று ஒரு கதவு கிடையாது. அந்தச் சதுரத்தின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஸ்கூட்டர் நிற்கும் இடம்தான் அது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குப் பக்கத்தில், வாசல் இருக்க வேண்டிய இடத்தில், ஏணி மாதிரி வரிசையாகக் கோடுகள்.

"இது என்ன அங்கிள்?"

"அதுவா? படி. மேலருந்து பாத்தா படி கோடாத்தான் தெரியும். எண்ணிப் பாரு, ஏழு வரும்."

எண்ணினேன். ஏழு வந்தது. உள்ளே ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இன்னும் இரண்டு.

மாலை அத்தை வந்தாள். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது, தாத்தா அப்படித்தான் எழுதி வைத்துவிட்டுச் செத்தார், அதனால் அவள் கையெழுத்து வேண்டும். பிளான் நழுவாமல் இருக்க நாலு மூலையிலும் உப்பு ஜாடி, சொம்பு, என் ஜியோமெட்ரி பாக்ஸ், அப்பாவின் செல்போன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவள் விரல் தெருவில் ஆரம்பித்து, வீட்டுக்குள் நடந்து வருகிற மாதிரி மெதுவாகக் காகிதத்தில் நகர்ந்தது. கோடுகளிடம் வந்து நின்றது.

"தம்பி, இது என்னடா கோடு?"

அப்பா அரை நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "டிசைன்க்கா. வாசல்ல கிரானைட்ல பட்டை பட்டையா வரும்."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அத்தை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "உன் ரூம் எங்க பாப்பா?"

காட்டினேன்.

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"காத்து வரும்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். டைப் அடித்த மாதிரி நேராக, அழகாக.

படி. இரண்டே எழுத்து. என் வாயில் அந்த இரண்டு எழுத்தும் இருந்தன. நான் விழுங்கினேன். குழந்தைதானே என்று சொல்லி என்னைத் தப்பிக்க விடாதீர்கள். பதினாலு வயது. அல்ஜீப்ரா போட்டேன், காதல் கவிதை எழுதினேன், ஏழு என்று எண்ணத் தெரிந்தது.

வேலை முடியும் வரை கீழ்க்கட்டளையில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை மட்டும் பைக்கில் வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவார். அத்தை கிளம்பினால், "இடிச்ச ரப்பீஸ் மேல நீ எப்படிக்கா நடப்ப? முடிஞ்சதும் ஒரேயடியா பாரு" என்பார். ரொம்ப அக்கறையாகச் சொல்வார். அந்த அக்கறையான குரலைத்தான் இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைகிற மாதிரி இல்லை அது. மேஸ்திரி கடப்பாரையைப் போட்டுவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"இன்னா தர சார் இது, கடப்பார எகிறிகினு வர்து. தண்ணி ட்யூப் வெச்சி மட்டம் பாத்தேன், வாசல்லேர்ந்து அடுப்படி வரிக்கும் ஏத்தம் ஒரே சீரா கீது. ஒரு நூல் பிசகல. எவனோ தெரிஞ்சி போட்டுக்கிறான்."

"அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு மட்டம் தெரியல மேஸ்திரி. தப்பு பண்ணிட்டான். உடைங்க."

"தப்பு பண்றவன் குந்திகினு கவுறு அமுக்கி கோடு போடுவானா சார்? யாரோ கால் வெக்கறதுக்கோசரம் போட்டுக்கிறான்."

அப்பா அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

நான் உடைந்த துண்டு ஒன்றை எடுத்தேன். உள்ளங்கை அகலம், மேலே சிவப்பு, நடுவில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்த கோடு. தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் போடுகிற கேங்கில் இருந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஏற்றத்தை எவ்வளவு தூரத்தில் கரைத்தால் வண்டி திணறாது என்பது அவர் தினமும் செய்த வேலை. அவர் மகள் நடக்க முடியாத குழந்தையாக இருந்தபோது மலைச் சரிவில் அவர் கட்டிய வீடு இது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு மேஸ்திரி வேண்டியிருந்தது எனக்கு. அந்தத் துண்டை ரொம்ப நாள் புத்தக அலமாரியில் வைத்திருந்தேன். ஏதோ ஒரு வீடு மாறும்போது போய்விட்டது. எதைத்தான் வைத்துக்கொள்ளத் தெரிந்தது எனக்கு.

திரும்பும்போது பைக்கில் பின்னால் இருந்து கேட்டேன். "அப்பா, அந்தத் தரைய தாத்தா அத்தைக்காகத்தான் போட்டாரா?"

பல்லாவரம் சிக்னல் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். சிக்னலில் வண்டியை நிறுத்தி, திரும்பாமலே கேட்டார். "உனக்கு ரூம் வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றேன்.

கிரகப்பிரவேச முகூர்த்தம் விடியற்காலை. "நீ எதுக்குக்கா அந்நேரத்துக்கு எழுந்து அவதிப்படற? டிபனுக்கு மெதுவா வா" என்று அப்பா முதல் நாளே அத்தையிடம் சொல்லிவிட்டார். வீட்டில் பாதிக்குச் சொந்தக்காரி, பால் பொங்கும்போது அங்கே இல்லை.

பசு வந்தது, கன்றோடு. கொம்பில் மஞ்சள், கழுத்தில் பூச்சரம். மாட்டுக்காரர் ஏழு படிகளையும் அண்ணாந்து பார்த்தார். வழவழப்பான கறுப்பு கிரானைட், விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் மாதிரி மின்னியது.

"மாடு படி ஏறாது சார்."

"தள்ளிப் பாருங்க."

"தள்ளனா ஏறும். அப்பால எறங்காது. வூட்லயே வெச்சிக்கிறியா?"

கூட்டம் சிரித்தது. ஐயர் நேரம் ஆகிறது என்றார். அப்பா பரபரத்தார். "மேஸ்திரி, சென்ட்ரிங் பலகை இருக்குமே, எடுங்க, எடுங்க!" வீட்டுக்குப் பின்னால் கிடந்த நீளப் பலகைகள் மூன்றைச் சேர்த்துக் கட்டிப் படிகளின் மேல் சரிவாகப் போட்டார்கள். வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்தார்கள். பசு ஒரு அடி வைத்துத் தயங்கியது. அப்பா குனிந்தார். பட்டு வேட்டி மண்ணில் புரளுவதைக்கூடப் பார்க்காமல், அதன் குளம்புக்கு அடியில் சுருண்டிருந்த சாக்கைத் தன் கையாலேயே இழுத்து நேராக்கினார். "மெதுவா, மெதுவா, வாம்மா" என்றார். பசு ஏறிற்று. எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இதை நான் பார்த்தேன். வருஷம் இத்தனை ஆகியும் என் அப்பாவின் அந்தக் குனிந்த முதுகு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கால் எங்கே வழுக்கும், அதற்கு அடியில் என்ன வைக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மாடு இறங்கிப் போனதும் போட்டோவில் விழக்கூடாது என்று பலகைகளை எடுத்துச் சுவரோரம் சாத்தினார்கள்.

ஏழரைக்கு இரண்டு தடவை ஹாரன் கேட்டது. அத்தை கிளிப்பச்சைப் பட்டுப்புடவையில், தலையில் மல்லிகையோடு, ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் வண்டியை வாசலை நோக்கித் திருப்பியிருந்தாள். முன் சக்கரம் முதல் படியில் முட்டி நின்றது. அவள் படிகளைக் கீழிருந்து மேல் வரை பார்த்தாள். பிறகு சாணி ஒட்டியிருந்த பலகைகளைப் பார்த்தாள்.

"அந்தப் பலகையப் போடச் சொல்லு தம்பி. நான் வண்டியோட ஏறிக்கறேன்."

"சாணியா இருக்குக்கா. ஆபீஸ்லேர்ந்து எல்லாரும் வந்திருக்காங்க. இரு, ஒரு நிமிஷம்."

பந்தியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பரிமாற வந்த நாலு பேர் அவளை அதில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். "சாமி பொறப்பாடு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சிரிப்பு. அத்தையும் சிரித்தாள். "வெறும் கையோட தூக்கறீங்களே, தேங்கா ஒடைங்கடா" என்றாள். அவள் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் வெளுத்துப்போயிருந்தன.

மேலே இறக்கிவிட்டார்கள். புது டைல்ஸில் கால் வைத்ததும் வழுக்கியது, அம்மா ஓடிவந்து தாங்கினாள். அத்தை நின்றாள், மூச்சு வாங்கினாள், அப்பாவைத் தேடிப் பார்த்தாள்.

"டிசைன் நல்லாருக்கு தம்பி."

அப்பா ஐயருக்கு வெற்றிலை எடுத்துக் கொடுக்கப் போனார்.

அவளுக்குப் பின்பக்க அறை, அதற்குப் போக அந்த இரண்டு படி. அவளுக்காகவே என்று எல்லோரிடமும் காட்டப்பட்ட வெஸ்டர்ன் டாய்லெட்டில், அவளுக்காகவே ஒரு ஸ்டீல் கைப்பிடி. இடது கையால் காலை அமுக்குகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள வலது கைதான் உண்டு. கைப்பிடி இடது பக்கம் இருந்தது. யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகு அவள் ஆபீசுக்குப் போக வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும். காலையில் அப்பாவும் அம்மாவும், மாலையில் யாராவது. ஸ்கூட்டர் தெருவில் நின்று வெயிலில் சீட் வெடித்தது. ஒரு நாள் அப்பா அவசரமாக ஷேவ் செய்துகொண்டிருந்ததால் அவள் இருபது நிமிடம் மேல் படியில் கைப்பையோடு காத்திருந்தாள். யாருக்காகவும் காத்திருந்து பழகாதவள் அவள்.

பன்னிரண்டு நாள் இப்படி. அடுத்த நாள் காலை அப்பாவும் அம்மாவும் குன்றத்தூர்க் கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். போகும் முன் அத்தையை உள்ளே இருந்த இரண்டு படியும் இறக்கி ஹாலில் உட்கார வைத்து, வாசல் படிக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள், அவர் வரவில்லை. நான் என் அறையில், என் ஜன்னலில், ட்ரெயின் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. அத்தை மேல் படியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, புடவையைக் கணுக்காலில் இறுக்கிச் சொருகினாள். இடது காலைக் கையால் தூக்கிக் கீழ்ப் படியில் வைத்தாள். பிறகு உடம்பை நகர்த்தி, உட்கார்ந்தபடியே கீழே விழுந்த மாதிரி ஒரு படி இறங்கினாள். மறுபடி காலைத் தூக்கி வைத்தாள். இரண்டு. மூன்று. நாலாவதில் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நான் அதுவரை திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நின்றிருந்தேன் என்று எழுதும்போதே அந்த ஜன்னலை உடைக்க வேண்டும் போலிருக்கிறது.

ஓடினேன். நான் போவதற்குள் அவள் கீழே இருந்தாள், புடவையின் பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு.

"அத்தை, அது படின்னு எனக்கு அப்பவே தெரியும். இன்ஜினியர் அங்கிள் சொன்னாரு."

"எனக்குத் தெரியாதா பாப்பா?" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தெனம் ஆபீஸ்ல பிளானோட பிளானா உக்காந்து அப்ரூவல் லெட்டர் அடிக்கறவ. படி எப்படிப் போடுவாங்கன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேட்ட?"

"அவன் வாயால வரட்டும்னுதான். படின்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். ஓரமா மூணடி அகலத்துல ஒரு சரிவு விடுடான்னு கேட்டிருப்பேன். டிசைன்னுட்டான். நான் வேணாம்னு முடிவு பண்ணிட்டவன்கிட்ட எதக் கேட்டு வாங்கறது?"

"என்னையும் பாத்தியே."

"பாத்தேன்" என்றாள். வண்டியைக் கிளப்பினாள்.

அன்று மாலை நாற்காலியில் தூக்கி வரப்பட்டதும் அவள் தன் அறைக்குப் போகவில்லை. ஹாலில் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி, நாங்கள் வாடகைக்கு இருந்த கீழ்க்கட்டளை வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, பேசி முடித்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாள்.

"தனியாவா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?" அப்பா கத்தினார். "வீட்டை இடிச்சுக் கட்டி அக்காவ வெளிய அனுப்பிட்டான்னு சொல்ல மாட்டாங்க?"

"அனுப்பலையா?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள், கை ஈரத்தோடு. "என்னங்க, இப்பகூட ஒண்ணும் கெட்டுப் போயிடல. ஓரமா ஒரு சரிவு போட்டுடலாம்."

"போட்டா வீட்டோட முன்பக்க எலிவேஷன் என்னாவறது?" என்றார் அப்பா. சொன்ன பிறகு தன் காதில் அது விழுந்தது போலிருக்கிறது, முகம் சிவந்தது, அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. "எனக்கு என்னிக்காவது எவனாவது யோசிச்சானா? இந்த வீடே உன் காலுக்காக சாஞ்சு கெடந்தது. ஒரு டேபிள் நேரா நின்னதில்ல. ஃபிரெண்டுன்னு ஒருத்தனக் கூட்டிட்டு வந்ததில்ல. எங்கப்பா பாத்தது எல்லாம் நீ விழாம நடக்கறியான்னுதான். நான் நடந்தது அவர் கண்ணுல பட்டதே இல்ல!"

முப்பது வருடம் அடக்கி வைத்தது. பொய் இல்லை அது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். இந்தப் பேச்சை பிளானை விரித்த அன்றைக்குப் பேசியிருக்கலாம். பேசாமல் ஏழு படியாகக் கட்டினார்.

அத்தை சாப்பாட்டு மேஜைப் பக்கம் கையைக் காட்டினாள். "இப்ப நேரா நிக்குதில்ல டேபிள்?" என்றாள். "உக்காந்து சாப்புடு."

அந்த அறையில் நான் கல்லூரி முடிக்கும் வரை படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு கவிதை எழுதினேன், மனிதர்களின் துயரத்தைப் பற்றியெல்லாம். கீழ்க்கட்டளை அங்கிருந்து ஒரே பஸ். அந்த முதல் வருடம் முழுக்க நான் அங்கே போனது மூன்று தடவை. பரீட்சை, மழை, டியூஷன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அப்பாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அது. அவளுக்குச் செய்யாமல் விட்டதற்கு ஒரு நல்ல பெயர் கண்டுபிடிப்பது, படிக்கு அவர் டிசைன் என்று பெயர் வைத்த மாதிரி. அவள் அதைப் பற்றி ஒரு தடவைகூட என்னிடம் குறை சொல்லவில்லை. போகிற அன்றைக்கே சொல்லிவிட்டதால் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன்பாடி வண்டி ஒன்று வந்தது. கட்டில், தையல் மிஷின், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மேஜை விசிறி. அவ்வளவுதான் அத்தை. சாமான் கட்டிய வண்டிக்காரர் படிகளைப் பார்த்து, "சோக்கா கீது சார் வூடு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மேல் படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வரவில்லை. அம்மா ஒரு தூக்குவாளியில் குழம்பைக் கொடுத்துவிட்டு, அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "மூடி சரியா இல்ல பாரும்மா, சிந்தும்" என்று வாளியைச் சரி செய்து வண்டிக்காரரிடம் கொடுத்தாள்.

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டினாள். நான் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன். அழ வேண்டும் என்று இருந்தது, அழுதால் அது நடிப்பாகிவிடும் என்றும் இருந்தது. கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"மறுபடி எப்ப வருவ அத்தை?"

அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக ஹேண்டில் பாரிலிருந்து எடுத்தாள்.

"நீ வா. உனக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே."